வாசிக்கத் தெரியாமலே வகுப்பேறும் பிள்ளைகள்

கல்விச் சீர்திருத்தம் பற்றிப் பேசாத ஆசிரியர் ஓய்வறை இன்று நாட்டில் இருக்க முடியாது. 2026ஆம் ஆண்டில் தரம் 1இலும் தரம் 6இலும் புதிய பாடத்திட்டம் என்று அறிவிக்கப்பட்ட நாள் முதல் பேச்சு ஓயவில்லை. பாடசாலை 1.30க்கு விடுவதா 2.00 மணிக்கு விடுவதா, ஒரு பாடவேளை எத்தனை நிமிடம், பாடத்தொகுதியில் என்ன இருக்கலாம், என்ன இருக்கக் கூடாது என்று தொழிற்சங்கங்களும் அரசியல்வாதிகளும் ஊடகங்களும் மாறி மாறிப் பேசிவிட்டார்கள். எல்லாம் பேச வேண்டிய விடயங்கள்தான். ஆனால் அந்தப் பாடத்தொகுதியை எவ்வளவு அழகாக அச்சடித்துக் கொடுத்தாலும் அதில் ஒரு வரியைக் கூட வாசிக்க முடியாத பிள்ளைகள் எமது பாடசாலைகளின் பின் வரிசைகளில் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றிய பேச்சு என் காதில் அதிகம் விழவில்லை.

நான் கிழக்கு மாகாணத்தில் ஆரம்பப் பிரிவு ஆசிரியை. ஆசிரியர் கலாசாலையில் பயிற்சி பெற்று வெளியேறி, முஸ்லிம் பாடசாலைகளிலேயே இருபது வருடங்களுக்கு மேல் கற்பித்து வருகிறேன். இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியது சீர்திருத்தம் அல்ல, ஒரு பலசரக்குக் கடை.

சென்ற நோன்பு காலத்தில் அந்தக் கடைக்குப் போயிருந்தேன். மாவு நிறுத்துக்கொண்டிருந்த இளைஞர் என்னைக் கண்டதும் "டீச்சர்" என்று எழுந்து நின்றார். பொருட்களின் விலையை மனதாலேயே கூட்டி மிச்சக் காசை நான் பணப்பையை மூடுவதற்குள் நீட்டினார். பிறகு சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, தொலைபேசியை என் பக்கம் திருப்பி, மெல்லிய குரலில் கேட்டார்: "டீச்சர், இதுல என்ன போட்டிருக்கு எண்டு ஒருக்கா பாத்துச் சொல்லுங்க."

நான்கு வரி. மொத்த வியாபாரியிடமிருந்து வந்த தகவல். தமிழில்தான் இருந்தது.

அந்த இளைஞர் தரம் 3இலும் 4இலும் என் வகுப்பில் இருந்தவர். தரம் 9 உடன் நின்றுவிட்டார். ஒன்பது வருடங்கள் சீருடை அணிந்து, இலவசப் பாடநூல் பெற்று, வரவு இடாப்பில் பெயர் கூப்பிடும்போது "பிரசன்ட் டீச்சர்" சொன்ன பிள்ளை. அதில் இரண்டு வருடங்கள் என்னிடம். அன்று வீட்டுக்கு வந்து நோன்பு திறந்த பிறகும் அந்தத் தொலைபேசித் திரை என் கண்ணை விட்டுப் போகவில்லை.

எமது நாட்டின் எழுத்தறிவு வீதம் 90க்கும் மேல் என்று பெருமையாகச் சொல்கிறோம். 1945இல் கன்னங்கரா அவர்கள் கொண்டுவந்த இலவசக் கல்வியின் பலன் அது என்பதில் சந்தேகமில்லை. ஆனால் தனது பெயரை எழுதத் தெரிந்தவரும், வீட்டில் யாரோ ஒருவர் "இவருக்கு வாசிக்கத் தெரியும்" என்று சொன்னவரும் எழுத்தறிவுள்ளவராகவே பதிவாகிவிட முடியும். கடையில் என்னிடம் தொலைபேசியை நீட்டிய இளைஞரும் அந்த 90க்குள்தான் இருப்பார் என்று நினைக்கிறேன்.

சட்டத்திலும் பெரிய குறை இல்லை. 5 முதல் 14 வயது வரை என்றிருந்த கட்டாயக் கல்வி 2016இல் 16 வயது வரை நீட்டப்பட்டது. வலது குறைந்தவர்களின் உரிமைகளைப் பாதுகாப்பதற்கான 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம், குறைபாட்டைக் காரணம் காட்டி ஒரு பிள்ளைக்குப் பாடசாலை அனுமதியில் பாரபட்சம் காட்டக் கூடாது என்கிறது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் சமவாயத்தையும் இலங்கை 2016இல் ஏற்று உறுதிப்படுத்தியது. இவை எல்லாம் பிள்ளையைப் பாடசாலையின் கேற்றுக்கு உள்ளே கொண்டுவந்து விடுகின்றன. உள்ளே வந்த பிள்ளை வாசிக்கிறதா என்று பார்ப்பது எந்தச் சட்டத்தின் வேலையும் அல்ல. அது எமது வேலை. எமது முறைமையோ வாசித்தாலும் வாசிக்காவிட்டாலும் ஜனவரியில் பிள்ளையை அடுத்த வகுப்புக்கு ஏற்றிவிடுகிறது. பிள்ளையை ஒரே வகுப்பில் மறுபடி இருத்தி அவமானப்படுத்தாமல் விடுவது நல்லதுதான். ஆனால் ஏற்றிவிட்ட வகுப்பில் அந்தப் பிள்ளைக்கென்று எதுவும் காத்திருப்பதில்லை.

இப்படிப்பட்ட பிள்ளைகளை நாம் ஒரே சாக்கில் போட்டுக் கட்டுகிறோம். "மெல்லக் கற்போர்" என்பது கூட்டங்களில் சொல்லும் மரியாதையான பெயர். ஓய்வறையில் வேறு பெயர்கள். என் அனுபவத்தில் வாசிக்காத பத்துப் பிள்ளைகளை எடுத்தால் பத்துப் பேருக்கும் பத்துக் காரணம்.

ஒரு பிள்ளை கரும்பலகையில் இருப்பதைத் தப்புத் தப்பாகக் கொப்பியில் எழுதும். கவனமில்லை என்று நாம் முடிவு கட்டியிருப்போம், உண்மையில் அதற்குத் தூரப் பார்வை இல்லை. இன்னொரு மகளுக்குச் சிறு வயதிலிருந்தே அடிக்கடி காதில் சீழ் வடிந்திருக்கிறது. அவள் பாதிச் சொல்லைத்தான் கேட்கிறாள், கேட்காத ஒலியை எப்படி எழுதுவாள்? ஒரு மகனால் ஐந்து நிமிடம் ஓரிடத்தில் இருக்க முடியாது. ஒருவர் புத்திசாலி, கதை சொன்னால் வகுப்பே வாய் பிளந்து கேட்கும், ஆனால் எழுத்துகள் அவருக்கு ஒட்டுவதே இல்லை. இதைத்தான் டிஸ்லெக்சியா, வாசிப்பு இடர்பாடு என்கிறார்கள். இது புத்திக் குறைவு அல்ல, ஒலியையும் எழுத்தையும் இணைப்பதில் மூளைக்கு இருக்கும் சிரமம். சில குடும்பங்களில் வாப்பாவிடமிருந்து மகனுக்கும் வருகிறது. "இவன்ட வாப்பாக்கும் படிப்பு ஏறல்ல டீச்சர், என்னத்த செய்ற?" என்று எத்தனை உம்மாமார் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். அந்தச் சொல்லுக்குள் ஒரு மருத்துவத் தகவல் இருந்தது என்பது எனக்கு வெகு காலம் புரியவில்லை.

விளங்கும் ஆற்றலே பின்தங்கிய பிள்ளைகளும் இருக்கிறார்கள். ஒருமுறை டவுன் சின்ட்ரோம் உள்ள ஒரு மகள் என் வகுப்பில் ஒரு வருடம் இருந்தாள். அவள் பாடநூலை முடிக்கவில்லை. ஆனால் தன் பெயர், வாப்பாவின் பெயர், ஊர்ப் பெயர், "பெண்கள்", "ஆபத்து", "நில்" ஆகியவற்றை வாசிக்கப் பழகினாள். எழுத்தறிவு எல்லோருக்கும் ஒரே அளவில் தைத்த சட்டை அல்ல.

தமிழ் எழுத்து இலகுவானது, எழுதியபடியே வாசிக்கலாம் என்று நாம் சொல்லிக்கொள்வதுண்டு. ஆங்கிலத்தோடு ஒப்பிட்டால் உண்மைதான். ஆனால் வாசிப்பு இடர்பாடுள்ள ஒரு பிள்ளையின் கண்ணால் "கொடி" என்ற சொல்லைப் பாருங்கள். முதலில் கண்ணில் படுவது கொம்பு. வாயில் முதலில் வர வேண்டியதோ ககரத்தின் ஒலி. ககரத்துக்கு அப்பால் ஓர் அரவு நிற்கிறது. கொம்பும் அரவும் சேர்ந்து ஒரே ஒலி என்பதைப் பிள்ளை பிடிக்க வேண்டும். பிடிக்காத பிள்ளை அரவை ரகரம் என்று நினைத்து "கெரடி" என்று வாசிக்கும். வகுப்பு சிரிக்கும். ஆசிரியை, "நித்திரையா?" என்று கேட்பார். என் ஆரம்ப வருடங்களில் அடிமட்டத்தால் கையில் தட்டியும் இருக்கிறேன். உடல் ரீதியான தண்டனையைத் தடை செய்யும் 2005ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சுற்றறிக்கை எமது பாடசாலையின் கோப்பில் இருந்த காலத்தில்தான். இதை மறைத்துவிட்டு மற்றவர்களுக்குப் புத்தி சொல்ல எனக்கு மனமில்லை.

இன்னும் இருக்கிறது. "கல்", "அகலம்", "தங்கம்" மூன்றிலும் ஒரே ககரம், மூன்று ஒலி. னகரத்துக்கும் ணகரத்துக்கும் ஒரு சுழிதான் வித்தியாசம். புள்ளியைத் தவறவிட்டால் "பட்டம்" "படடம" ஆகிவிடும். சாதாரணப் பிள்ளை இவற்றை எல்லாம் போகிற போக்கில் பொறுக்கிக்கொள்கிறது. இடர்பாடுள்ள பிள்ளைக்கு ஒவ்வொன்றையும் தனித்தனியாக, மீண்டும் மீண்டும் காட்ட வேண்டும். 247 எழுத்து அட்டவணையைச் சுவரில் ஒட்டிவிட்டு ராகம் போட்டுச் சொல்ல வைப்பது அதற்குப் பரிகாரம் அல்ல. ராகத்தை மனனமாக்கிய பிள்ளை எழுத்தை அறிந்ததாகாது. சந்தேகம் இருந்தால் பாடநூலின் படத்தை மறைத்துவிட்டு, அதே சொற்களை வரிசை மாற்றி எழுதிக் காட்டிப் பாருங்கள். "நல்லா வாசிக்கிறான்" என்று நாம் நினைத்த பலர் அங்கே நின்றுவிடுவார்கள்.

எமது பிள்ளைகளுக்கு இன்னொரு சுமையும் உண்டு. வீட்டில் பேசும் தமிழ் வேறு, புத்தகத் தமிழ் வேறு. கிழக்கில் "இரிக்கி", தெற்கிலும் மலையகத்திலும் "ஈக்கி", புத்தகத்தில் "இருக்கிறது". தென்னிலங்கைப் பிள்ளை "செல்லு" என்பது புத்தகத்தில் "சொல்லு". எழுத்தைக் கற்கும் அதே நேரத்தில் பிள்ளை ஒரு புதிய தமிழையும் கற்கிறது. நானே சொல்வதெழுதலில் "வாளப்பளம்" என்று உச்சரித்துவிட்டு, ழகரம் போடாத பிள்ளைக்குப் பிழை போட்டிருக்கிறேன்! இதற்குமேல் பின்னேரத்தில் ஓதப்பள்ளியில் வலமிருந்து இடமாக அரபு எழுத்து. ஆங்கிலம் தரம் 1இல் பேச்சாக வந்து தரம் 3இல் பாடமாகிவிடுகிறது. சிங்களமும் சேர்ந்துகொள்கிறது. எட்டு வயதுக்குள் நான்கு எழுத்து முறைகள். பெரும்பாலான பிள்ளைகள் மாஷா அல்லாஹ் சமாளிக்கிறார்கள், அது அவர்களுக்கு வரம். ஒன்றிலேயே தடுமாறும் பிள்ளைக்கு அது நான்கு மடங்கு தடுமாற்றம்.

இந்த இடத்தில் ஓதப்பள்ளி பற்றி ஒரு விடயம் சொல்ல வேண்டும், ஏனெனில் எனக்கு வழி காட்டியது அதுதான், கலாசாலை அல்ல. கலாசாலையில் விசேட கல்வி பற்றிச் சில விரிவுரைகள் இருந்தன. வரைவிலக்கணங்களை மனனமாக்கிப் பரீட்சையில் எழுதினோம். ஓதப்பள்ளியில் நடப்பதைக் கவனியுங்கள். நாற்பது பிள்ளைகள் இருந்தாலும் ஒவ்வொரு பிள்ளைக்கும் தனிப் பாடம். ஒருவர் அலிஃப் பே, இன்னொருவர் பத்ஹா கஸ்ரா ழம்மா, மற்றொருவர் அம்ம ஜுஸ்உ. பிள்ளை தனியாக முஅல்லிமின் முன்னால் வந்து இருந்து ஓதிக் காட்டுகிறது. சரியாக ஓதினால்தான் அடுத்த பாடம். ஓதாவிட்டால் நாளையும் அதே பக்கம். யாரும் பாடத்திட்டம் பிந்துகிறது என்று பதறுவதில்லை. பதினோரு வயதிலும் காயிதாவில் இருக்கும் பிள்ளையை ஊர் பெரிதாக எடுத்துக்கொள்வதும் இல்லை. ஆளுக்கொரு வேகம், தனித்தனியாகக் கேட்டல், அடித்தளம் உறுதியான பிறகே அடுத்த படி என்று இன்றைய கல்வியியல் பக்கம் பக்கமாக எழுதுவதை எமது லெப்பைமார் பரம்பரை பரம்பரையாகச் செய்து வந்திருக்கிறார்கள்.

அதே ஓதப்பள்ளியில் பிரம்பும் இருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். திக்கித் திணறிக் குர்ஆனை ஓதுபவருக்கு இரண்டு கூலி என்ற ஹதீஸைக் கேட்டிராத முஅல்லிம் இருக்க மாட்டார். ஆனாலும் திக்கும் பிள்ளைக்குக் கிடைப்பது பல இடங்களில் இரண்டு அடி. அடிக்குப் பயந்து ஓதப்பள்ளியை விட்டு ஓடிய பிள்ளைகளையும், பாடசாலையை விட்டு ஓடிய பிள்ளைகளையும் எண்ணிப் பார்த்தால் பெரும்பாலும் ஒரே பெயர்கள்தான் வருகின்றன.

கடைக்கார இளைஞருக்கு நான் எதுவும் செய்யவில்லை. அவருக்குச் சில வருடங்கள் கழித்து வந்த இன்னொரு மகனுக்குத்தான் அந்தப் பாடம் கேட்கும் முறையை வகுப்பில் பரீட்சித்துப் பார்த்தேன். என் வகுப்பில் அப்போது 38 பேர். எல்லோரையும் தனித்தனியாகக் கேட்க முடியாது. ஆனால் தனியாகக் கேட்க வேண்டியவர்கள் ஐந்து பேர்தான். காலை மணி அடிப்பதற்கு முன் கால் மணித்தியாலம், ஆளுக்கு மூன்று நிமிடம். அவ்வளவுதான்.

முதல் இரண்டு மாதம் அந்த மகனுக்குப் புத்தகமே கொடுக்கவில்லை. காரணம், "மரம் என்ற சொல்லில் ம என்பதை எடுத்தால் மிச்சம் என்ன?" என்று கேட்டபோது அவர் விழித்தார். சொல்லுக்குள் ஒலிகள் இருக்கின்றன என்பதே அவருக்குப் பிடிபட்டிருக்கவில்லை. கை தட்டித் தட்டிச் சொற்களை உடைத்தோம். பிறகு ட, ப, ம, ர, க என்று ஐந்தே எழுத்துகள், அவற்றோடு புள்ளி. படம், மரம், பக்கம், பட்டம், மட்டம். எழுத்தைத் தாளில் எழுதுவதற்கு முன் முற்றத்து மணலில் விரலால் எழுத வைத்தேன். எமது ஊரில் மணலுக்கு மட்டும் பஞ்சமில்லை. கொம்பும் அரவும் வந்தபோது அட்டைகள் செய்தேன். எழுத்து கறுப்பு, குறிகள் சிவப்பு. "முதலில் கறுப்பைப் பிடியுங்கள் மகன், பிறகு சிவப்பு என்ன சொல்லுது எண்டு பாருங்க." கெரடி கொடியாவதற்கு மூன்று கிழமை எடுத்தது.

அடுத்த கட்டத்தில்தான் பிரச்சினை வந்தது. அந்த மகனின் வாப்பா கரைவலைக்காரர். கரைவலை இழுத்த கதையை அவர் சொல்லச் சொல்ல, அவருடைய பேச்சிலேயே எழுதினேன். "மீன் நிறைய இரிக்கி" என்றால் இரிக்கி என்றே எழுதினேன். அதுதான் அவருடைய முதல் வாசிப்புப் புத்தகம், எட்டுப் பக்கம். தன் வாயிலிருந்து வந்த சொல் தாளில் இருப்பதைக் கண்டு அவர் அதைத் திரும்பத் திரும்ப வாசித்தார். சக ஆசிரியை ஒருவர், "மொழியைக் கெடுக்கிறீங்க" என்று சண்டைக்கு வந்தார். அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. மூன்றாம் தவணையில் நானும் அந்த மகனுமாகச் சேர்ந்து அதே கதையைப் புத்தகத் தமிழுக்கு மாற்றினோம். "இரிக்கி" என்பதை வெட்டி "இருக்கிறது" என்று எழுதியபோது, "இது நியூஸ் வாசிக்கிறவங்க பேசுற மாதிரி டீச்சர்" என்றார்.

இதை ஒரு வெற்றிக் கதையாக நினைத்துவிட வேண்டாம். தரம் 4 முடியும்போது அவர் தரம் 2 வாசிப்பு நூலைத்தான் மெதுவாக வாசித்தார். புலமைப்பரிசிலில் அவருடைய புள்ளியை யாரும் பதாகையில் போடவில்லை. இப்போது தரம் 8. எழுத்துப் பிழை நிறைய. ஆனால் தொலைபேசிக்கு வரும் தகவலை யாரிடமும் காட்டாமல் தானே வாசிக்கிறார்.

அவர் தரம் 5க்கு வந்தபோது நடந்த ஒரு கூட்டத்தையும் சொல்லியாக வேண்டும். புலமைப்பரிசில் பரீட்சை நெருங்கும் நேரம். வருடந்தோறும் நாடு முழுவதும் மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் எழுதும் பரீட்சை, ஆனால் ஒவ்வொரு ஊரிலும் அது அந்த ஊர்ப் பாடசாலைகளுக்கு இடையிலான போட்டியாகத்தான் பார்க்கப்படுகிறது. வாசிக்காத பிள்ளைகள் நான்கு பேரின் பெயரைச் சொல்லி, "இவர்களை விசேட கல்வி அலகில் பதிந்துவிட்டால் சித்தி வீதம் குறையாது" என்று பேசப்பட்டது. மருத்துவ அறிக்கை இல்லை, பெற்றோரிடம் கேட்கவில்லை. கரைவலைக்காரரின் மகனும் அந்த நால்வரில் ஒருவர். நான் அந்தக் கூட்டத்தில் இருந்தேன். அவருக்காக மட்டும் பேசினேன். மற்ற மூவருக்காகப் பேசவில்லை, அவர்கள் வேறு வகுப்பு. அன்று அது எனக்கு ஒரு காரணமாகத் தோன்றியது.

விசேட கல்வி அலகு தேவையில்லை என்று நான் சொல்லவில்லை. கேட்கும் திறன் கடுமையாகக் குறைந்த பிள்ளைக்கும் ஓட்டிசம் உள்ள சில பிள்ளைகளுக்கும் பயிற்றப்பட்ட ஆசிரியரும் அமைதியான இடமும் கட்டாயம் வேண்டும். பார்வையற்ற பிள்ளைக்கு பிரெய்ல் கற்றுத்தர ஆள் வேண்டும். 1912இலேயே செவிப்புலன், விழிப்புலன் அற்றோருக்கான பாடசாலை தொடங்கிய நாடு இது. நான் எதிர்ப்பது, சேரவேண்டிய பிள்ளைக்கு அலகு கிடைக்காமல், சேரக்கூடாத பிள்ளையை ஒளித்து வைக்கும் அறையாக அது மாறுவதை. வாசிப்பு இடர்பாடு மட்டும் உள்ள பிள்ளையின் இடம் சாதாரண வகுப்புத்தான்.

பெற்றோர் பக்கத்திலும் கதை இருக்கிறது. காதில் சீழ் வடிந்த மகளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகச் சொன்னபோது அவளுடைய உம்மா மறுத்தார். காது மெஷின் போட்டுவிடுவார்கள் என்ற பயம். "நாளைக்குக் கலியாணம் பேச வாறவங்க என்ன சொல்லுவாங்க டீச்சர்?" அந்த மகளுக்கு அப்போது ஏழு வயது. உம்மாவைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, அவர் பயந்த ஊரில்தான் நானும் இருக்கிறேன். உம்மு மக்தூமின் மகன் அப்துல்லாஹ் (ரழி) அவர்களின் கதையை ஜும்ஆக்களில் கேட்டுக் கண்கலங்குகிறோம். கண் தெரியாத ஒரு நபித்தோழர் அதான் சொன்னார், மதீனாவின் பொறுப்பிலும் நியமிக்கப்பட்டார் என்பதில் பெருமைப்படுகிறோம். எமது வீட்டுப் பிள்ளைக்குக் காது மெஷின் என்றால் மட்டும் கதவைச் சாத்திக்கொள்கிறோம்.

அரசாங்கம் செய்ய வேண்டியவை இருக்கின்றன. தமிழில் பேசிப் பிள்ளையை மதிப்பிடக்கூடிய உளவியலாளர்களும் பேச்சு மொழிச் சிகிச்சையாளர்களும் நாட்டில் மிகக் குறைவு. ராகமையில் களனிப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தோடு இணைந்த ஆயதி நிலையம் இருக்கிறது, கொழும்பில் சிறுவர் வைத்தியசாலை இருக்கிறது. கிழக்கிலிருந்து ஓர் உம்மா, மொழி தெரியாத இடத்துக்கு, இரவு பஸ்ஸில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எத்தனை முறை போவார்? சீர்திருத்தத்தில் பணம் ஒதுக்கப்படும்போது, திறன் வகுப்பறைத் திரைகளுக்கு முன் ஒவ்வொரு வலயத்துக்கும் தமிழ் பேசும் ஒரு மதிப்பீட்டாளரைப் பற்றிப் பேச வேண்டும். தரம் 2 முடிவில் ஒவ்வொரு பிள்ளையையும் தனியாக வாசிக்க வைத்துக் கேட்பதைக் கட்டாயமாக்க வேண்டும். புள்ளிக்காக அல்ல, யாருக்குத் தனிப் பாடம் வேண்டும் என்று அறிவதற்காக. தரம் 5இல் கண்டுபிடிப்பது பிந்திய கண்டுபிடிப்பு.

ஆனால் அரசாங்கத்தை எதிர்பார்க்காமலே கைக்கு எட்டும் விடயங்களும் உண்டு. பொதுச் சுகாதாரப் பரிசோதகரும் வைத்திய அதிகாரியும் நடத்தும் பாடசாலை மருத்துவப் பரிசோதனை தரம் 1, 4, 7, 10 மாணவர்களுக்கு நடக்கிறது. கண்ணில் குறை என்று துண்டு எழுதிக் கொடுக்கிறார்கள். அந்தத் துண்டு பல வீடுகளில் புத்தகப் பையின் அடியிலேயே மக்கிப் போகிறது. அந்தத் துண்டைப் பின்தொடர ஒரு ஆள் வேண்டும், கண்ணாடி வாங்கக் காசு வேண்டும். எமது பாடசாலைக்குப் பழைய மாணவர்கள் ஒரு நுழைவாயில் வளைவு கட்டித் தந்தார்கள், அல்லாஹ் அவர்களுக்கு நற்கூலி வழங்கட்டும். அந்த வளைவுக்கு ஆன செலவில் எத்தனை கண்ணாடி வாங்கலாம் என்று நான் கணக்குப் பார்க்கக் கூடாதுதான், பார்த்துவிட்டேன். ஸகாத்தைக் கூட்டாகச் சேகரிக்கும் பள்ளிவாசல்கள் பல ஊர்களில் இருக்கின்றன. ஓர் ஏழைப் பிள்ளையின் காது மெஷினும், கிளினிக்குக்குப் போய்வரும் பஸ் காசும் அந்தப் பட்டியலில் வரலாமா என்று உலமாக்கள் சொல்ல வேண்டும்.

பரீட்சைத் திணைக்களம் விசேட தேவையுடைய பரீட்சார்த்திகளுக்கு மேலதிக நேரம் போன்ற சலுகைகளை வழங்குகிறது. மருத்துவ அறிக்கையோடு அதிபர் மூலமாக முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். இது பெற்றோருக்கு மட்டுமல்ல, பல ஆசிரியர்களுக்கும் தெரியாது. தரம் 5இலோ சாதாரண தரத்திலோ பிள்ளை உள்ள, இந்தச் சந்தேகமும் உள்ள பெற்றோர் இந்த மாதமே அதிபரைச் சந்தியுங்கள். விண்ணப்பத் திகதி கடந்த பிறகு வருபவர்களைத்தான் நான் அதிகம் கண்டிருக்கிறேன்.

கடைக்கார இளைஞரை அதன் பிறகு இரண்டு முறை சந்தித்தேன். இஷாவுக்குப் பிறகு அரை மணித்தியாலம் வரச் சொல்லிக் கேட்டேன். "இனி எங்க டீச்சர்" என்று சிரித்தார். இன்னும் வரவில்லை. அட்டைகளை எடுத்து வைத்திருக்கிறேன்.

இந்த வருடம் என் வகுப்பில் தனியாகக் கேட்க வேண்டியவர்கள் ஆறு பேர். ஐந்து பேரின் தடை எது என்று ஓரளவு பிடிபட்டுவிட்டது. ஆறாவது, ஒரு மகள், வாயே திறப்பதில்லை. கேட்கிறாளா, விளங்குகிறதா, பயமா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. அடுத்த மாதம் பதினான்காம் திகதி கிளினிக். அவளுடைய உம்மா வருவதாகச் சொல்லியிருக்கிறார்.